14 வயதுப் பூனை மண் பெட்டிக்கு வெளியே மலம், மூத்திரம் போகிறது, என்ன செய்வது?

மாலதி, திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பொன்னிக்கு 14 வயது. நாட்டுப் பூனை, பெண், கருத்தடை எப்போதோ செய்தாகிவிட்டது. குட்டியாக மழையில் நனைந்து மோட்டார் ரூமில் கிடந்தவளை என் மகன் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தான். அவன் இப்போது வேலைக்காக வெளியூரில் இருக்கிறான், வீட்டில் நான், அம்மா, பொன்னி மட்டும்தான். 12 வருடம் தனி வீடு. பின்பக்கம் முருங்கை மரத்தடி மண்ணில் போய்விட்டு மூடிவிட்டு வருவாள், வீட்டுக்குள் ஒரு சொட்டு விட்டதில்லை. 2 வருடம் முன்பு மூன்றாம் மாடி ஃபிளாட்டுக்கு வந்தோம். பிளாஸ்டிக் டப்பில் ஆற்று மணல் போட்டு வைத்தேன், இரண்டே நாளில் பழகிக்கொண்டாள்.

இந்த மூன்று மாதமாகத்தான் பிரச்சினை. கால்மிதியில் போகிறாள், மடித்து வைத்த புடவை மேல் போகிறாள், பாத்ரூமில் தண்ணீர் போகும் சல்லடை மூடி மேல் போகிறாள். இரண்டுக்குப் போவது பெட்டிக்குப் பக்கத்திலேயே, ஆனால் வெளியே. போன வெள்ளிக்கிழமை பூஜை அறை வாசலில் போய்விட்டாள். அம்மா அன்று சாப்பிடவே இல்லை. "மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வா, பிழைத்துக்கொள்ளும்" என்கிறார். 14 வயதுப் பூனை எப்படிப் பிழைக்கும்?

ஒரு டாக்டரிடம் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார், டெஸ்ட் எதுவும் எடுக்கவில்லை. இரண்டு நாள் சரியான மாதிரி இருந்தது, அப்புறம் பழையபடி. ஒருமுறை நான் கோபத்தில் சத்தம் போட்டுவிட்டேன், கட்டிலுக்கு அடியில் போனவள் ராத்திரி வரை வரவில்லை. அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

செந்தில், மதுரை

அக்கா, முதலில் ஒன்றே ஒன்று. மூத்திரம் வருகிறதா, இல்லை குந்தி உட்கார்ந்து முக்கிவிட்டு வெறும் சொட்டோடு எழுகிறாளா? அடிக்கடி பெட்டிக்குப் போய்ப் போய் வருவது, கத்துவது, அடியில் நக்கிக்கொண்டே இருப்பது, ரத்தம் கலந்து வருவது இதெல்லாம் இருந்தால் அன்றைக்கே டாக்டர். கடுவன் பூனை என்றால் மூத்திரக் குழாய் அடைத்துக்கொண்டு ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும். பெட்டைக்கு அது அபூர்வம், ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் சில கேள்விகள். மூன்று மாதத்துக்கு முன்பு வீட்டில் என்ன மாறியது? பெட்டியா, மண்ணா, வைத்த இடமா? தண்ணீர் முன்பைவிட அதிகம் குடிக்கிறாளா? இளைத்திருக்கிறாளா? கட்டில் மேல் ஒரே தாவில் ஏறுகிறாளா, இல்லை யோசித்து யோசித்து ஏறுகிறாளா? இதற்குப் பதில் சொன்னால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மாலதி, திருச்சி

தம்பி, நீங்கள் கேட்ட பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். மூத்திரம் தாராளமாக வருகிறது, ரத்தம் இல்லை, முக்குவதும் இல்லை. சொல்லப்போனால் முன்பைவிட நிறையப் போகிறாள். தண்ணீர்க் கிண்ணத்தை ஒரு நாளில் இரண்டு தடவை நிரப்புகிறேன். எடை போன வருடம் 4.1 கிலோ, அந்த டாக்டர் போட்டுப் பார்த்தபோது 3.2.

கட்டில் மேல் ஏறுவதை விட்டுவிட்டாள். வயதாகிவிட்டது, கீழேயே படுக்கப் பிடிக்கிறது போல என்று நினைத்திருந்தேன்.

மாறியது என்றால் பெட்டிதான். மணல் வீடெல்லாம் சிந்துகிறது என்று நாலு மாதம் முன்பு மூடி போட்ட பெட்டி ஒன்று வாங்கினேன், முன்னால் தள்ளு கதவு இருக்கும். மணலையும் மாற்றி லாவெண்டர் வாசனை போட்ட, ஈரம் பட்டதும் கட்டியாகிற ரகத்தைப் போட்டேன். ஆனால் முதல் மாதம் அதில்தான் போனாள், அதனால் அதுதான் காரணம் என்று தோன்றவே இல்லை.

ஜெயா, கோவை

மாலதி, நானும் 50ஐத் தாண்டியவள், என்னிடம் இப்போது இரண்டு கிழப் பூனைகள் இருக்கின்றன, ஒன்று 13, இன்னொன்று 17. இதையெல்லாம் தாண்டி வந்தவள் என்பதால் சொல்கிறேன்.

அந்தப் பெட்டியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வாசற்படி எத்தனை உயரம் என்று அளந்து பாருங்கள், 15 செ.மீ.க்குக் குறையாது. மூட்டு வலிக்கிற பூனை அதைத் தாண்டி, தலையால் கதவைத் தள்ளி, உள்ளே குனிந்து திரும்பி, பின்காலை மடக்கிக் குந்த வேண்டும். மூடி இருப்பதால் நாற்றமும் உள்ளேயே நிற்கும். பூனை மூக்குக்கு லாவெண்டரும் மூத்திரமும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். முதல் மாதம் போனாள் என்றால் வலியைப் பொறுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஒரு கட்டத்தில் அவளுக்கு "பெட்டி என்றால் வலி" என்று மனதில் பதிந்துவிடும். அப்புறம் மெத்தென்று இருக்கிற இடமாகத் தேடுவாள். கால்மிதி, புடவை எல்லாம் அதனால்தான்.

கடையில் பெரிய பெட்டி தேட வேண்டாம். பாத்திரக் கடையில் துணி ஊறவைக்கிற பெரிய பிளாஸ்டிக் டப் கிடைக்கும், நீளச்சதுரமாக வாங்குங்கள். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனையின் நீளத்தை அளந்து அதில் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் தாழ்வாக அறுத்துவிடுங்கள். மற்ற மூன்று பக்கமும் உயரமாகவே இருக்கட்டும், கிழப் பூனைகள் முழுக்கக் குந்த முடியாமல் பாதி நின்றபடியே போகும், சுவர் தாழ்வாக இருந்தால் வெளியே தெறிக்கும். இரண்டுக்கு வெளியே போகிறாள் என்றீர்களே, அவள் முன்கால் இரண்டும் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். என் பெரியவள் அப்படித்தான், அவளைப் பொறுத்தவரை பெட்டிக்குள்தான் இருக்கிறாள், பின்பக்கம் வெளியே இருப்பது அவளுக்குத் தெரியாது. டப் பெரிதானதும் அது நின்றுவிட்டது.

மண் வாசனை இல்லாததாக, பொடி மணலாக இருக்கட்டும். எம்-சாண்ட் போடாதீர்கள், உள்ளங்காலில் குத்தும். இரண்டு அங்குலம் ஆழம் போதும், அதற்கு மேல் போனால் கால் புதைந்து நிலை தடுமாறும். இன்னொரு பெட்டியும் வேண்டும். ஒரு பூனை இருந்தாலும் இரண்டு பெட்டி, வீட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. வயதான பிறகு அடக்கி வைத்துக்கொண்டு ஹாலைத் தாண்டி நடக்க முடியாது. ராத்திரி பக்கத்தில் ஒரு சின்ன பல்பு எரியட்டும்.

நகத்தையும் பாருங்கள். கிழப் பூனைகள் நகத்தைத் தேய்ப்பதில்லை, வளைந்து வளர்ந்து உள்ளங்காலிலேயே குத்தி ஏறிவிடும். மண்ணைக் கிளறும்போது உயிர் போகிற வலி.

கால்நடை மருத்துவர் (ஓய்வு), சென்னை

அம்மா, பெட்டி பற்றி மேலே சொன்னது முழுக்கச் சரி. ஆனால் உங்கள் இரண்டாவது பதிவில் மூன்று விஷயங்கள் சேர்ந்து வருகின்றன: நிறையத் தண்ணீர், நிறைய மூத்திரம், கிட்டத்தட்ட ஒரு கிலோ எடைக் குறைவு. இதை வயது என்று விட்டுவிடக் கூடாது. இந்த வயதில் இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் சிறுநீரகம், தைராய்டு, சர்க்கரை, இந்த மூன்றில் ஒன்று இருக்கும். சில சமயம் இரண்டு சேர்ந்தே இருக்கும்.

பூனை பாலைவனத்துக் காட்டுப்பூனையின் வழி வந்தது. கொஞ்சத் தண்ணீரை வைத்துக்கொண்டு மூத்திரத்தை நன்றாகக் கெட்டியாக்குவதுதான் அதன் சிறுநீரகத்தின் சிறப்பு. நல்ல பூனையின் மூத்திர அடர்த்தி 1.035க்கு மேல் இருக்கும். சிறுநீரகம் பழுதாகும்போது முதலில் போவது இந்தத் திறமைதான், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போன பிறகு அடர்த்தி இறங்கும். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) ஏறுவது அதற்கும் பிறகு, நாலில் மூன்று பங்கு போன பிறகு. அதனால் ரத்தம் மட்டும் பார்த்து "நார்மல்" என்று சொல்லிவிட முடியாது, மூத்திரமும் பார்க்க வேண்டும். அடர்த்தி குறைந்த மூத்திரத்தில் கிருமி எளிதாக வளரும், வயதான பூனைக்குத் தொற்று வருவது உண்மைதான். ஆனால் அதற்கும் கல்ச்சர் (மூத்திரத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) பார்த்துவிட்டு மருந்து கொடுப்பதுதான் முறை.

என்ன கேட்க வேண்டும் என்றால், கிரியேட்டினின், பாஸ்பரஸ், பொட்டாசியம், சர்க்கரை, டி4 (தைராய்டு ஹார்மோன்), மூத்திரப் பரிசோதனை, ரத்த அழுத்தம். ரத்த அழுத்தம் பூனைக்கும் வரும், கவனிக்காமல் விட்டால் ஒரே நாளில் கண் போய்விடும், அப்புறம் பெட்டியையே கண்டுபிடிக்க முடியாது. தைராய்டு என்றால் பசி அதிகமாக இருக்கும், எவ்வளவு தின்றாலும் இளைக்கும், ராத்திரியில் கத்தும். சிறுநீரகம் என்றால் பசி குறைவாக இருக்கும்.

இடுப்பு, முழங்கால், முன்கால் முட்டி எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லுங்கள். 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள், 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. நாய் நொண்டும், நமக்குத் தெரியும். பூனை பெரும்பாலும் நொண்டாது, தாவுவதை மட்டும் நிறுத்திக்கொள்ளும். கட்டிலில் ஏறுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். வலிக்கிறது என்று வீட்டில் இருக்கிற பாராசிட்டமால் மாத்திரையைப் பாதி உடைத்துக்கூடக் கொடுக்காதீர்கள். அதைச் செரிக்கும் நொதி பூனைக்குப் போதாது. ஒரே மாத்திரையில் ரத்தம் பழுப்பாகிப் பூனை செத்துப்போனதை நான் பார்த்திருக்கிறேன். ஐபுபுரோஃபனும் கூடாது.

தண்ணீரை ஒரு நாள் அளந்து பாருங்கள். காலையில் அளந்து ஊற்றி மறுநாள் காலையில் மிச்சத்தைக் கழித்தால் போதும். கிலோவுக்கு 50 மில்லிக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் நிச்சயமாகக் கோளாறு. மூத்திரம் பிடிக்க, மீன் தொட்டிக்குப் போடும் சின்னக் கூழாங்கல்லைக் கழுவிக் காயவைத்துக் காலிப் பெட்டியில் போடுங்கள். போனதும் ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சி உடனே லேபுக்குக் கொண்டுபோங்கள்.

ரகு, தஞ்சாவூர்

மார்க்கெட்டில் விடுவது பற்றி மட்டும் எழுத வேண்டும் என்று வந்தேன். ஆறு வருடத்துக்கு முன்பு இதே காரணத்துக்காக எங்கள் 11 வயதுப் பூனையை ஊரில் தெரிந்தவர் தோப்புக்கு அனுப்பினேன். மரம் இருக்கிறது, எலி இருக்கிறது, சந்தோஷமாக இருப்பான் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். மூன்றாம் நாள் சாப்பாட்டை விட்டுவிட்டான், இரண்டாம் வாரம் இறந்துபோனான். இப்போது டாக்டர் எழுதியதைப் படிக்கும்போது அவனும் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தது ஞாபகம் வருகிறது. ஒரு ரத்தப் பரிசோதனை செய்திருக்கலாம். வேறு எதுவும் சொல்ல வரவில்லை, மாலதி. விட்டுவிடாதீர்கள்.

மாலதி, திருச்சி

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். தண்ணீர் அளந்தேன், 260 மில்லி. வேறொரு டாக்டரிடம் போனோம், பொறுமையாகப் பார்த்தார். கிரியேட்டினின் 2.4, மூத்திர அடர்த்தி 1.016. தைராய்டு, சர்க்கரை சரி. கல்ச்சரில் கிருமி இல்லை. ரத்த அழுத்தம் கொஞ்சம் அதிகம், இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்த்துவிட்டு மாத்திரை பற்றி முடிவு செய்யலாம் என்றார். கிரியேட்டினின் 1.6 முதல் 2.8 வரை இருந்தால் சிறுநீரக நோயில் இரண்டாம் நிலையாம், நாலு நிலையில் இரண்டு. உணவை மாற்றித் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டால் வருடக்கணக்கில் இருக்கும் பூனைகள் உண்டு என்றார். எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்திருக்கின்றன, முதுகின் அடிப்பகுதியிலும் எலும்பு வளர்ந்திருக்கிறது. வலிக்குச் சிறுநீரகத்தைப் பார்த்து மிகக் குறைந்த அளவில் மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு 71, மூன்று வருடமாக நாற்காலி போட்ட கக்கூஸ்தான், தரையில் குந்த முடியாது. படத்தைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த இடுப்போடயா அந்தப் பெட்டிக்குள்ள ஏறுச்சு" என்று கேட்டார். அதற்குப் பிறகு மார்க்கெட் பேச்சு இல்லை.

டப் வாங்கி அறுத்தாகிவிட்டது. பாத்ரூம் பக்கம் ஒன்று, என் கட்டில் பக்கம் ஒன்று. ஒன்பது நாளில் நாலு முறைதான் வெளியே போனாள், அதில் மூன்று பாத்ரூம் மூடி மேல்.

இப்போது இரண்டு சந்தேகம். கால்மிதியை எத்தனை தரம் ஃபினாயில் விட்டுக் கழுவினாலும் அதே இடத்துக்குப் போகிறாள். அப்புறம், டாக்டர் சொன்ன சிறுநீரக உணவை முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறாள், மீன் சோறுதான் வேண்டும் என்கிறாள்.

ஜெயா, கோவை

ஃபினாயிலை வீட்டை விட்டே வெளியே போடுங்கள். ஃபினாயில், டெட்டால் ரகம் எல்லாம் பூனைக்கு விஷம். தரையில் நடந்த காலை நக்கும், உள்ளே போகும், அதன் ஈரலால் அதை வெளியேற்ற முடியாது. பூனை மூத்திரத்தில் இருக்கிற சில பொருள்கள் கழுவினாலும் முழுதாகப் போகாமல் படிந்துவிடும். சோப்பு போட்டால் நம் மூக்குக்கு வாசனை போய்விடும், மழைக்காலத்தில் ஈரம் பட்டதும் திரும்பி வரும். அவள் மூக்குக்கு அது போகவே இல்லை. என்சைம் கலந்த கிளீனர் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. முதலில் பழைய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, இடம் நனைய ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, தானாகக் காயவிடுங்கள். அவசரப்பட்டுத் துடைத்தால் வேலை செய்யாது. பிளீச்சிங் பவுடர் கூடாது, மூத்திரத்தோடு சேர்ந்தால் நெஞ்சடைக்கிற புகை வரும். நான் ஒரு சின்ன புற ஊதா டார்ச் வைத்திருக்கிறேன், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அடித்தால் நமக்குத் தெரியாத இடமெல்லாம் மின்னும். கால்மிதியைத் தூக்கிப் போடுங்கள், புதியது கொஞ்ச நாள் வேண்டாம்.

பாத்ரூம் மூடி மேல் போனால் போகட்டும் மாலதி, ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. வழவழப்பான தரை, ஏற வேண்டியதில்லை, அவளுக்கு அது சுலபம். கதவை மட்டும் மூடாதீர்கள். ராத்திரிக்கு மருந்துக் கடையில் படுக்கை நோயாளிகளுக்கு விற்கும் உறிஞ்சும் விரிப்பு வாங்கிப் பெட்டியைச் சுற்றிப் போட்டுவிடுங்கள்.

கால்நடை மருத்துவர் (ஓய்வு), சென்னை

நல்ல வேளையாக இரண்டாம் நிலையிலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள் அம்மா.

உணவை ஒரே நாளில் மாற்ற வேண்டாம். மீன் சோற்றில் கால் கரண்டி கலந்து ஆரம்பித்து மூன்று நாலு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் ஈரலில் கொழுப்பு படிந்துவிடும். முழுதாக மாறவில்லை என்றால், சாப்பிடாத நல்ல உணவைவிடச் சாப்பிடுகிற சுமாரான உணவு மேல். கருவாடு, உப்பு போட்ட மீன் வேண்டாம். குழம்பு மீனைக் கழுவிக்கூடக் கொடுக்காதீர்கள், வெங்காயமும் பூண்டும் பூனை ரத்தத்தைக் கெடுக்கும். மீனை உப்பில்லாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு கொடுத்தால் அவள் குடிக்கும் தண்ணீரும் கூடும்.

தண்ணீர்க் கிண்ணத்தைக் குறைக்காதீர்கள், இதை முக்கியமாகச் சொல்கிறேன். மூத்திரம் அதிகம் போகிறது என்று தண்ணீரை எடுத்துவைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவள் குடித்து வெளியேற்றித்தான் உயிரோடு இருக்கிறாள். மலம் கெட்டியாக உருண்டை உருண்டையாக வந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், நீர் குறைவதால் மலச்சிக்கல் வரும், முக்கி வலித்தாலும் பெட்டியை விட்டு ஓடுவாள்.

செந்தில், மதுரை

அக்கா, டப் எப்படி அறுத்தீர்கள், எந்த அளவு? என் மாமியார் வீட்டிலும் 13 வயதுப் பூனை ஒன்று இருக்கிறது, இதே மாதிரி கால்மிதியில் போகிறதாம். நான் போய்ச் செய்துகொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

மாலதி, திருச்சி

தம்பி, டப் 70 செ.மீ. நீளம், 45 அகலம், 28 உயரம். நீளவாக்குப் பக்கத்தில் நடுவில் 25 செ.மீ. அகலத்துக்கு அறுத்தோம், தரையிலிருந்து 6 செ.மீ. மட்டும் விட்டு. மார்க்கர் பேனாவில் கோடு போட்டு, ஹேக்ஸா பிளேடில் கீழ் வீட்டுத் தம்பி அறுத்துக் கொடுத்தான். விளிம்பு கீறும், அதனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு அதன் மேல் பழைய சைக்கிள் ட்யூபை நீளமாகக் கிழித்துச் செருகி டேப் ஒட்டினோம். அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள், இல்லாவிட்டால் டைல்ஸில் டப் வழுக்கும், முதல் நாள் அப்படி நகர்ந்ததும் பயந்து இறங்கிவிட்டாள்.

மண்ணுக்கு ஒரு யோசனை. பழைய வீட்டுக்குப் போய் முருங்கை மரத்தடியிலிருந்து இரண்டு கை மண் அள்ளி வந்து வாசனையில்லாத பெட்டி மணல் மேல் தூவினேன். அன்றைக்கு ரொம்ப நேரம் மோந்து பார்த்தாள், கிளறினாள், போய்விட்டு மூடியும் வைத்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மூடினாள். இப்போது ராத்திரி எழுந்து சின்ன பல்பு எரிகிறதா என்று அம்மாதான் பார்க்கிறார்.